சாம்பல் நிற ஏணி

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிப் படகு திறந்த கடலுக்குள் மூக்கை நீட்டியதும் முதல் அலை அதன் அடிவயிற்றில் தட்டியது. செரபினா கொரைரா யாரும் கவனிக்காதபடி வலது கையை முழங்கால்மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்கினாலும் எஞ்சின் அதிர்வு என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யாரிடம் சொல்வது, எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கிற கேப்டன் தில்லைநாயகத்திடமா, அவர் படகு கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, மடியில் நீல ஃபைல், ஃபைலுக்குள் அவளைப் பற்றிய தாள், அதில் இன்னும் எழுதப்படாத ஒரே ஒரு கட்டம். காலை ஆறரை மணி. கச்சான் என்கிற மேல்காற்று கரையிலிருந்து தூசியையும் நிலக்கரி வாசனையையும் கொண்டுவந்து முகத்தில் பூசியது. எட்டு மாதமாக இதே படகு, இதே பலகை, இதே டீசல் நெடி. வருகிற கப்பல் ஒவ்வொன்றுக்கும் இப்படிப் போய், பக்கவாட்டில் தொங்குகிற கயிற்றேணியைப் பிடித்து ஏறி, கப்பலின் மேல்தளத்துச் சுக்கான் அறையில் நின்று, இந்தக் கடலடியில் எங்கே மணல் திட்டு, எங்கே பாறை, எங்கே நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும் என்று தெரியாத வெளிநாட்டுக் கேப்டனுக்கு வழி சொல்லிக் கப்பலை உள்ளே கொண்டுவந்து கட்டவேண்டும். அதுதான் பைலட் வேலை. எட்டு மாதமும் ஒரு மூத்த பைலட், பெரும்பாலும் தில்லைநாயகம்தான், பக்கத்தில் நின்றார், அவர் சொன்னதை அவள் செய்தாள், அல்லது அவள் செய்வதை அவர் திருத்தினார். இன்று திருத்த ஆள் கிடையாது. தில்லைநாயகம் பார்ப்பார், அவ்வளவுதான். இது கடைசிப் பயிற்சிக் கப்பல், இதைக் கொண்டுவந்து கட்டிவிட்டால் உரிமம், கட்டாவிட்டால், கட்டாவிட்டால் என்ன என்பதை அவள் நேற்றிலிருந்து யோசிக்கவில்லை, யோசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் யோசிப்பதுதானே.

கால்விரல்களைப் பூட்சுக்குள் மடக்கி விரித்தாள். சொந்தக் காசில் வாங்கிய பூட்ஸ். துறைமுகக் கிடங்கில் இருந்ததில் சின்னது எட்டாம் நம்பர், அவள் கால் ஐந்து, கிடங்குக்காரர் பழைய துணியை முன்னால் திணித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார், வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார், அதனால்தான் அவளுக்கு அன்று அழுகை வந்தது. வேண்டுமென்றே சொல்கிறவர்களிடம் அவளுக்கு அழுகை வருவதில்லை. நேர்முகத் தேர்வில் வரவில்லை. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் முன்னால் முந்திரிப் பருப்பு, அவளுக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர். பத்திரிகையில் வந்த விளம்பரத்திலேயே விண்ணப்பதாரர் என்று ஓரிடத்திலும் ‘அவன்’ என்று மூன்று இடத்திலும் இருந்தது. அதை வெட்டிச் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தது அவள் கணவன் ஆன்சல்ம், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன், அந்த மூன்று ‘அவனை’யும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தான், விடைத்தாளில் பிழைக்கு வட்டமிடுகிற மாதிரி. மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், ஏணி ஏறுவீங்களா. கப்பலின் அடித்தொட்டிகளுக்குள் பதினாறு வருஷம் ஏறி இறங்கியிருக்கிறேன் என்றாள். இன்னொருவர் கேட்டார், கர்ப்பமானால். எனக்கு எட்டு வயதில் மகள் இருக்கிறாள், அவள் பிறந்தபோது ஆறு மாதம் விடுப்பு எடுத்தேன், பிறகு திரும்பி வந்தேன், கப்பல் அங்கேயேதான் இருந்தது என்றாள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா என்று கேட்டார். அதுவரைக்கும் பொறுமையாக இருந்தவள்தான். “என் கப்பல் மாஸ்டர் சான்றிதழில் அந்தக் கட்டம் இல்லை சார்,” என்றாள். யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, போச்சு, வாயால் கெட்டோம் என்று தோன்றியது, அப்படித் தோன்றிய அதே நிமிஷத்தில் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. காத்திருப்போரில் இரண்டாவது. தேர்வானவன் வளைகுடாத் துறைமுகத்துக்குப் போய்விட்டான், காத்திருந்த முதல் ஆளுக்கு ரத்தக்கொதிப்பு, மருத்துவப் பரிசோதனையில் தவறினான். அப்படி இரண்டு ஆண்கள் விலகிய சந்துவழியே அவள் உள்ளே வந்தாள். சந்தோ வாசலோ, உள்ளே வந்தாயிற்று.

ஆனால் அந்தக் காலியிடம் எப்படி வந்தது என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் லாக்கர் சாவி கொடுத்தபோதுதான் தெரிந்தது, லாக்கர் கதவின் உள்பக்கம் ஒருவர் பெயர் நாடாவில் ஒட்டி, ஒட்டியதை யாரோ பாதி உரித்து, பாதி விட்டிருந்தார்கள். இன்பராஜ். கேப்டன் இன்பராஜ், ஐம்பத்திரண்டு வயது, இருபது வருஷப் பைலட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதப் பகல், ஏணியில் பாதிக்கு மேல் ஏறியவர் விழுந்தார், படகின் விளிம்பில் பட்டுக் கடலில் விழுந்தார், எடுத்துப் படகில் போடும்போது மூச்சு இருந்தது, கரைக்கு வரும்போது இல்லை. விசாரணை நடந்தது. ஏணி சரியாக இருந்தது, பைலட் கவனக்குறைவு என்று அறிக்கை. அதே படகில் அன்று இருந்தவர் தில்லைநாயகம், ஏணி சரியாக இருந்தது என்று சாட்சி சொன்னவரும் தில்லைநாயகம். இதையெல்லாம் கேன்டீனில் ஒவ்வொருவர் ஒவ்வொரு துண்டாகச் சொல்லி அவளே கோத்துக்கொண்டது. கோத்த பிறகு ஒரு நாள்கூட அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்கிற முகம் இல்லை அது. சுத்தமாகச் சவரம் செய்த, அளந்து வைத்த மாதிரி முகம். எட்டு மாதத்தில் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நிறைய, காற்றில் கப்பல் எப்போது பின்பக்கம் விலகும், இழுவைப் படகை எப்போது கூப்பிடவேண்டும், எப்போது கூப்பிட்டால் தாமதம், எல்லாம். ஏணியைப் பற்றி மட்டும் ஒரே வாக்கியம். மேலே பார்த்துக்கிட்டே ஏறுங்க, யோசிக்காதீங்க. அவள் அதற்குத் தலையாட்டினாள். யோசிக்காமல் எதையும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. அவள் அப்பா தோணித் தண்டல், கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போய்வந்த பாய்த்தோணியை நடத்தியவர், சின்ன வயதில் அவரோடு ஒருமுறை தோணியில் துறைமுகத்துக்குள் வந்தபோது இதே மாதிரி ஒரு பைலட் படகு ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களை ஓரம் கட்டச் சொல்லிப் பாய்ந்து போனது, அதன் அலையில் தோணி ஆடி ஒரு மூட்டை வெங்காயம் தண்ணீரில் போனது. அப்பா கெட்ட வார்த்தை சொன்னார். படகில் நின்றவன் வெள்ளைச் சட்டை. வெங்காயம் மிதந்ததுகூட ஞாபகமில்லை, அந்த வெள்ளைச் சட்டைதான் ஞாபகம். இப்போது அதே சட்டை, அவள் அளவுக்கு டெய்லரிடம் பிடித்துத் தைத்தது, உப்புக்காற்றில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“வந்திட்டோம் மேடம்,” என்றார் சிராங்கு காசிலிங்கம், படகை ஓட்டுகிறவர், சுக்கானை ஒரு கையால் பிடித்தபடி. அவள் எழுந்து நின்றாள். கொர்வினா ஸ்டார். அறுபதாயிரம் டன் நிலக்கரி. கிட்ட வரவரக் கப்பல் கப்பலாக இல்லாமல் சுவராகிக்கொண்டே வந்தது, சிவப்பும் கறுப்புமாகத் துருப்பிடித்த சுவர், மூச்சு விடுகிற மாதிரி மெதுவாக ஏறி இறங்குகிற சுவர். பாரம் நிறைய இருப்பதால் பாதி உடம்பு தண்ணீருக்குள், மேல்தட்டு அதிக உயரமில்லை, பதினேழு படி. பதினேழு படி என்ன பெரிய படி. கடலேற்றம் முடிவதற்குள் உள்ளே போயாகவேண்டும், இந்தக் கடற்கரையில் ஏற்றமே ஒன்றரை முழம்தான், ஆனால் அந்த ஒன்றரை முழம் தண்ணீர் இருந்தால்தான் இவ்வளவு பாரக் கப்பலின் அடி தட்டாமல் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் வாய்க்காலுக்குள் நுழையும், ஏழு ஐம்பதுக்குள் நுழையாவிட்டால் அடுத்த ஏற்றம் வரைக்கும் பன்னிரண்டு மணி நேரம் வெளியே நங்கூரத்தில் கிடக்கும். ஏழு மணிக்கு ஏறினால் எல்லாம் சரி. மணி ஏழுக்கு மூன்று நிமிஷம். காற்று மறைவில் படகு வந்ததும் சத்தம் அடங்கியது, அவள் தலையை நிமிர்த்தி ஏணியைப் பார்த்தாள். சாம்பல் நிறம். ஏன் சாம்பல் நிறம். மணிலாக் கயிறு வைக்கோல் நிறமாக அல்லவா இருக்கும், படி மரநிறமாக அல்லவா இருக்கும். பெயின்ட். கயிற்றின் மேலும் படியின் மேலும் ஒன்றுபோலச் சாம்பல் பெயின்ட், புதுசு, வெயிலில் மினுங்குகிறது. துறைமுகத்துக்கு வருகிறோம், அழகாக இருக்கட்டும் என்று யாரோ பிரஷ்ஷை எடுத்து அடித்திருக்கிறான், அல்லது எதையோ மறைக்க அடித்திருக்கிறான். ஏணிக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று கப்பலில் சேர்ந்த முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள், அடித்தால் உள்ளே நார் அறுந்திருப்பதும் மரம் வெடித்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து ஐந்தாவது படி. அது கொஞ்சம் சரிந்திருக்கிறதா. கப்பல் ஆடுவதால் அப்படித் தெரிகிறதா. கப்பல் ஆடினால் எல்லாப் படியும் சேர்ந்துதானே சரியும், ஐந்தாவது மட்டும் எதற்கு.

முழங்கால் இப்போது நடுங்கியது. அதுதான் சனியன். அது நடுங்காமல் இருந்திருந்தால் கேள்வியே இல்லை, ஏணி மோசம், மாற்று, அவ்வளவுதான். நடுங்குகிற முழங்காலோடு ஏணி மோசம் என்று சொன்னால் அது ஏணியின் குற்றமா முழங்காலின் குற்றமா. இருபது வயதில் பயிற்சி மாலுமியாக முதல் கப்பல், காலியான சரக்கறைக்குள் இரும்பேணியில் இறங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். கீழே பதினைந்து மீட்டர் இருட்டு. கைகள் கம்பியை விடமாட்டேன் என்றன. பதினோரு நிமிஷம். மேலே நின்ற போசன், மாலுமிகளின் மேஸ்திரி, கத்தினான், பிறகு சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவனே இறங்கிவந்து அவள் இடுப்பில் கயிறு கட்டினான். அந்தப் பதினோரு நிமிஷத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை, ஆன்சல்முக்குக்கூட. அதற்குப் பிறகு எத்தனை ஏணி, எண்ண முடியாது, ஒவ்வொன்றிலும் காலை வைக்கும்போது ஒரு சின்னச் சில்லிப்பு, அதைக் கடந்து ஏறிவிடுவாள், கடந்ததும் மறந்துவிடுவாள். ஆக பயம் எப்போதும் இருக்கிறது. எப்போதும் இருக்கிற பயம் இன்றைக்கு மட்டும் எப்படிச் சாட்சி சொல்லும். அவள் கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தாள். ஐந்தாவது படி. சரிந்திருக்கிறது. இல்லை. சரிந்திருக்கிறது, இடது பக்கம் விரற்கடை கீழே. படியைக் கயிற்றோடு இறுக்குகிற கட்டு அங்கே விட்டிருக்கவேண்டும், பெயின்டுக்கு அடியில். அல்லது விடாமலும் இருக்கலாம். ஏறிவிடலாம். ஏறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நூறு ஏணியில் தொண்ணூற்றொன்பது தாங்கும். தாங்கினால் உரிமம். ஏறாவிட்டால் மத்தியானத்துக்குள் கேன்டீனில் ஒரே பேச்சு, பயந்துட்டாளாம். அந்த ஒரு வார்த்தை போதும், பதினாறு வருஷத்தையும் சான்றிதழையும் வெள்ளைச் சட்டையையும் சுருட்டிக் குப்பையில் போட. அவளுக்குப் பின்னால் வரப்போகிற எந்தப் பெண்ணுக்கும் அதே வார்த்தையைத் தயாராக எடுத்துவைத்திருப்பார்கள், முன்னாடி ஒருத்தி வந்தா, ஏணியைப் பார்த்ததும் பயந்துட்டா. இன்பராஜும் இதைத்தான் யோசித்திருப்பாரா, பயந்துட்டார்னு சொல்லிடுவாங்களே என்று, இருபது வருஷப் பைலட்டுக்குக்கூட அந்த வார்த்தை இருந்திருக்குமா. பயப்படுகிறேன். சரி. பயப்படுகிறேன், ஏணியும் மோசம். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது. நடுங்குகிற முழங்காலுக்கு மேலே இரண்டு கண் இருக்கிறது, அந்தக் கண் பதினாறு வருஷமாகக் கயிறு பார்த்த கண்.

காசிலிங்கம் படகைக் கப்பலோடு அணைத்துவிட்டார். ஏணி எட்டும் தூரத்தில் ஆடியது. மேலே கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து ஓர் இளம் அதிகாரி ஆரஞ்சுத் தொப்பியோடு வாங்க வாங்க என்று கையசைத்தான். தில்லைநாயகம் ஃபைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

“ஏற மாட்டேன்,” என்றாள் செரபினா. சத்தம் தன் தொண்டையிலிருந்து வந்ததா என்று அவளுக்கே சந்தேகம் வந்ததால் இன்னொரு தடவை சொன்னாள். “இந்த ஏணியில ஏற மாட்டேன். மாத்தச் சொல்லுங்க.”

தில்லைநாயகம் ஏணியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ஏற்றம் போய்விடும் என்றார். தெரியும் என்றாள். இது உங்க கடைசிக் கப்பல், இன்னைக்கு முடியலைன்னா திரும்ப மூணு மாசம் ஆகும், மேலே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் காரணம் ஒண்ணு கிடைச்ச மாதிரி ஆகும் என்றார், மிரட்டுகிற குரலில் இல்லை, கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில். அதுவும் தெரியும் என்றாள். அவர் ஃபைலைச் சட்டைக்குள் இன்னும் ஆழமாகச் செருகினார். பிறகு, நான் ஏறிக்கிறேன், நீங்க படகுல இருங்க என்று சொல்லி ஏணியை நோக்கி ஒரு அடி வைத்தார். அவள் குறுக்கே போய் நின்றாள். படகு ஆடியது, ஒருவர்மேல் ஒருவர் விழாமலிருக்க இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்தார்கள். அவரை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை, சவரம் செய்த தாடையில் ஒரு இடம் விட்டுப்போயிருந்தது, நரைத்த நாலைந்து முடி.

“இன்னைக்கு இந்தக் கப்பலுக்குப் பைலட் நான் சார்,” என்றாள். “நான் ஏறாத ஏணியில நீங்களும் ஏறக்கூடாது.”

காசிலிங்கம் சுக்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார், சுக்கானில் பார்க்க என்ன இருக்கிறதோ. அவள் ரேடியோவை எடுத்துக் கப்பலைக் கூப்பிட்டாள். ஏணிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறது, மேலிருந்து ஐந்தாவது படி சரிந்திருக்கிறது, மாற்று ஏணி போடுங்கள், அதுவரை ஏற மாட்டேன் என்று இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கப்பலிலிருந்து ஏணி நன்றாகத்தான் இருக்கிறது, போன துறைமுகத்தில் பைலட் ஏறினார் என்று பதில் வந்தது. அவர் ஏறினார், நான் ஏறவில்லை என்றாள். அதற்குள் துறைமுகக் கட்டுப்பாட்டு அறை குறுக்கே வந்தது. ஏற்ற நேரம் போகிறது, இழுவைப் படகு இரண்டும் காத்திருக்கிறது, என்ன தாமதம் என்று கேட்டார்கள். சொன்னாள். பிறகு அந்தக் குரல், இதுவரைக்கும் அவளிடம் மேடம் போட்டுப் பேசிய குரல், மேடத்தை விட்டுவிட்டு, தாமதத்தை யார் பெயரில் பதிவு செய்வது என்று கேட்டது. பெயரைக் கேட்கிற விதத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது, இப்போதுகூடத் திரும்பிப் போய்விடலாம், கப்பலின் தாமதம், வானிலை, ஏதாவது ஒன்று. கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும், இரண்டு இழுவைப் படகு, நங்கூரத்தில் கிடக்கிற ஐந்து கப்பல், கரையில் ரேடியோ வைத்திருக்கிற அத்தனை ஏஜென்டுகள். பொத்தானை அழுத்தினாள். “பைலட் கொரைரா. எழுத்துக் கூட்டிச் சொல்றேன், எழுதிக்கோங்க. சார்லி. ஆஸ்கர். ரோமியோ. எக்கோ. ரோமியோ. ஆல்ஃபா.” ஒவ்வொரு எழுத்துக்கும் ரேடியோவில் வைத்திருக்கிற பெயரைச் சொல்லி, நடுவில் ஒரு அலை போகிற அளவு இடைவெளி விட்டாள். “எழுதியாச்சா?” என்று கேட்டாள். எழுதியாச்சு என்றது குரல்.

அப்புறம் காத்திருப்பு. காசிலிங்கம் படகைக் கப்பலிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டார். மேலே ஆரஞ்சுத் தொப்பி போய், வேறு இரண்டு தொப்பி வந்து, கைநீட்டிப் பேசிக்கொண்டு, அவர்களும் போனார்கள். ஏழு பத்து. நேரம் கடலில் விழுந்த எண்ணெய் மாதிரி பரந்துகொண்டே போனது. இன்னும் நாற்பது நிமிஷம், அதில் ஏணியை மாற்ற எவ்வளவு, ஏறி மேல்தளத்துக்குப் போக ஏழு நிமிஷம், ஏழு நாற்பதுக்குள் ஏறினால் முடியும், நாற்பத்தைந்தில் ஏறினால் முடியாது, நாற்பத்திரண்டில் என்றால். ஒருவேளை தப்பாகப் பார்த்திருந்தால். கண் கூசியிருந்தால். ஐந்தாவது படி எப்போதும் அப்படித்தான் செய்திருப்பானோ செய்தவன், கோணலாக. வீட்டில் இந்நேரம் மகள் எழுந்து பல் தேய்க்காமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பாள், ஆன்சல்ம் தோசைக்கரண்டியோடு வந்து நிற்பான், அம்மா இன்னைக்குப் பாஸ் ஆயிடுவாளா என்று அவள் கேட்பாள், பரீட்சை என்றால் அவளுக்குப் பாஸும் ஃபெயிலும்தான். ஃபெயில் என்று எப்படிச் சொல்வது, ஒன்பது வயதுக்காரியிடம். ஏறாததால ஃபெயில். ஏன் ஏறலை. ஏணி சரியில்லை. அப்புறம் ஏன் ஃபெயில். அந்தக் கேள்விக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த ஐந்து பேரும் வந்து பதில் சொல்லட்டும், முந்திரிப் பருப்போடு வந்து சொல்லட்டும். அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது, வெயில் ஏறுகிற மாதிரி உள்ளங்காலிலிருந்து ஏறியது, எதன்மேல் என்று தெரியாத கோபம். எதற்காக இப்படி ஒரு நல்ல கண்ணை ஒவ்வொரு தடவையும் கோர்ட்டில் ஏற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது, வேறு யாராவது அவன் கண்ணை விசாரிக்கிறானா. முழங்கால் இன்னும் நடுங்கியது. நடுங்கட்டும். அதற்கு வேறு வேலை இல்லை.

தில்லைநாயகம் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் மறுபடி மடியில். கப்பலைப் பார்த்தபடி, அவளைப் பார்க்காமல், எஞ்சின் சத்தத்துக்குக் கீழே கேட்கிற குரலில் சொன்னார்: “இன்பராஜ் பார்த்தாரு. ஒரு பக்கக் கயிறு பூஞ்சணம் பிடிச்சிருந்தது. என்னய்யா இது, பழந்துணி மாதிரி இருக்குன்னு என்கிட்ட சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. கேட்டுட்டு ஏறுனாரு.” நிறுத்தினார். “நானும் பார்த்தேன்.”

விசாரணையில் அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவளுக்கு ஒரு வாய் வந்தது, அதை விழுங்கினாள், விழுங்கியது இரக்கத்தால் இல்லை, அவர் தனக்குத்தானே ரெண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அந்தத் தாடையின் விட்டுப்போன முடியில்கூடத் தெரிந்தது. மன்னிக்கிற வேலை அவளுடையதில்லை. இன்பராஜுக்கு மனைவி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், போய் அங்கே சொல்லட்டும். அதை அவள் வாய்விட்டே சொன்னாள், மெதுவாக, அவங்க வீட்ல சொல்லுங்க சார் என்று. அவர் தலையை ஆட்டினார், சரி என்றா முடியாது என்றா தெரியவில்லை.

ஏழு முப்பத்தொன்றுக்கு மேலே ஆட்கள் வந்தார்கள். சாம்பல் ஏணியை இழுத்தார்கள், படி படியாகச் சுவரில் தட்டித் தட்டி மேலே போனது. செரபினா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஐந்தாவது படி கழன்று விழும் என்று எதிர்பார்த்தாளா, எதிர்பார்த்தாள், வெட்கமில்லாமல் எதிர்பார்த்தாள், இப்போது விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், ரேடியோவில் மேடம் திரும்பி வரும். விழவில்லை. ஏணி முழுசாக மேலே போய்க் கைப்பிடிச் சுவரைத் தாண்டி மறைந்தது. ஒரு நார்கூட அறுந்து தொங்கவில்லை. அது தாங்கியிருக்கும், ஒருவேளை. தாங்கியிருக்காது, ஒருவேளை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தத் தெரியாமை தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும் என்று நினைத்தாள், நிற்கவில்லை, நழுவி இறங்கிவிட்டது. ஏணி அறுந்தால்தான் நான் சரி என்றால், நான் சரியென்று காட்ட யாராவது விழவேண்டும். அப்படிப்பட்ட சரி எனக்கு வேண்டாம். பார்த்தேன், சரியில்லை என்று பட்டது, ஏறவில்லை. அது போதும்.

புது ஏணி இறங்கியது, வைக்கோல் நிறக் கயிறு, மரநிறப் படி. ஏழு முப்பத்தொன்பது. காசிலிங்கம் படகை அலையின் தோளில் ஏற்றி நிறுத்தினார், அலை உச்சிக்கு வந்த நொடியில் அவள் கயிற்றைப் பிடித்துப் படகை விட்டாள். கீழே படகு சரிந்து இறங்கியது. கைக்கு நார் சொரசொரத்தது. ஒன்று, இரண்டு. மேலே பார்த்துக்கொண்டே ஏறுங்கள், யோசிக்காதீர்கள். அவள் யோசித்துக்கொண்டே ஏறினாள், ஒவ்வொரு படியையும் பார்த்து, ஒவ்வொரு கட்டையும் பார்த்து, ஐந்து, ஆறு, கப்பல் சாய்ந்தபோது சுவரோடு ஒட்டி நின்று, நேரானதும் மறுபடி, பதினொன்று, பன்னிரண்டு, பயமும் கூடவே ஏறியது, ஏறட்டும், அதற்கும் சேர்த்து வலுவான ஏணிதான் இது. மேலே ஆரஞ்சுத் தொப்பி கை நீட்டினான். அதைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து உள்ளே கால் வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது தில்லைநாயகம் ஏணியின் அடியில் நின்று, முதல் படியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார்.

கப்பல் கேப்டன் வெள்ளை மீசை வைத்த கிரேக்கர். மேல்தளத்தில் அவர்கள் நுழைந்ததும் நேராகத் தில்லைநாயகத்திடம் போய்க் கை நீட்டினார். தில்லைநாயகம் கையைக் கட்டிக்கொண்டு, தாடையால் அவளைக் காட்டினார். கேப்டன் திரும்பினார். முகத்தில் கோபம் இன்னும் ஆறவில்லை. முப்பத்தொரு வருஷமாகக் கப்பல் ஓட்டுகிறேன், என் ஏணியை யாரும் திருப்பி அனுப்பியதில்லை என்றார். இன்றைக்கு ஒருத்தி அனுப்பிவிட்டாள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் கேப்டன், இப்போது கப்பல் எந்தத் திசையில் நிற்கிறது என்று கேட்டாள். அவர் திசைகாட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு திசையைச் சொன்னார். ஏழு நாற்பத்தாறு. நாலு நிமிஷம். வேகம் கேட்டாள், சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள், கொடுத்தார்கள். காலுக்கடியில் எங்கோ ஆழத்தில் எஞ்சின் உறுமி எழுந்தது, தரை லேசாக அதிர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே நிலக்கரி அறைகளின் மூடிகளுக்கு அப்பால் வாய்க்காலின் வாய், இடப்பக்கம் சிவப்பு மிதவை, வலப்பக்கம் பச்சை மிதவை, நடுவில், பார்வைக்குப் போதாதது போலத் தெரிகிற ஆனால் போதுமான நீலம். நீரோட்டம் பக்கத்திலிருந்து தள்ளுகிறது, கப்பலின் மூக்கு வடக்கே நழுவப் பார்க்கிறது, காற்று பின்பக்கத்தைப் பிடிக்கிறது, எல்லாம் அவள் உடம்புக்குள் தனித்தனியாகக் கேட்டது, பல பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் தன் பிள்ளையின் குரலைப் பிரித்துக் கேட்கிற மாதிரி. இழுவைப் படகுகளைக் கூப்பிட்டாள். வந்துகிட்டிருக்கோம் மேடம் என்றார்கள். மூச்சு சீராகியிருந்தது, எப்போது சீரானது என்று தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் ஃபைல் திறக்கிற சத்தம். பேனாவின் மூடி கழற்றுகிற சத்தம். நீளமாக எழுதவில்லை அவர், ஒரு வரி, அல்லது அரை வரி, பிறகு மூடி மறுபடி அழுந்துகிற சத்தம்.

“உரிமத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்,” என்றார் தில்லைநாயகம். “இனி என்னைப் பார்க்க வேண்டாம்.”

“நான் பார்க்கவே இல்லையே சார்,” என்றாள் செரபினா, பச்சை மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல், சுக்கான் பிடித்திருந்தவனுக்கு இடப்பக்கம் பத்து டிகிரி என்று ஆணை கொடுத்தாள். அவன் அதைத் திருப்பிச் சொன்னான். அறுபதாயிரம் டன் ஒரு நொடி தயங்கியது, பிறகு மெல்ல, அவள் சொன்ன பக்கம் திரும்பத் தொடங்கியது.